தூதரகச் சாலையில் ஒரு தக்கலைக்காரி

ஊரில் யாரிடமாவது டெல்லி சாணக்யபுரியில் வேலை என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அதெல்லாம் வெளிநாட்டு இடமாமே, உள்ள போக பாஸ்போர்ட் வேணுமா?" தூதரக வளாகம் அந்தந்த நாட்டின் மண் என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961-ன் வியன்னா ஒப்பந்தமும், அதை நம் நாட்டுக்குள் செல்லுபடியாக்கிய 1972-ம் வருடச் சட்டமும் சொல்வது வேறு. தூதரின் சம்மதம் இல்லாமல் நம் போலீஸோ அதிகாரிகளோ அந்த மதிலைத் தாண்டக் கூடாது. மதிலுக்கு வெளியே நின்று அதைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையது. மண் மட்டும் இந்தியாவின் மண்ணேதான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். தக்கலைக்கு அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் கையிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் உள்ளே டிக்கெட் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறை. வெளியே இறங்கினால் தமிழ்நாட்டுத் தெரு. "அரமனை மாதிரிதான் சித்தி. ஊரு நம்ம ஊரு, உள்ள நிர்வாகம் அவங்களுது" என்பேன். சித்திக்குப் புரிந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாடாகத் தூதரகம் திறக்க வந்தபோது, 1950-களில் ரிட்ஜ் காட்டை ஒட்டிய இந்த நிலத்தை மனைகளாக்கி ஒதுக்கினார்கள். நடுவே அகலமான சாந்தி பாத். அதைச் சுற்றி நியாய மார்க், சத்ய மார்க், வினய் மார்க், பஞ்சசீல மார்க். அமெரிக்கத் தூதரகம் 1959-ல் திறந்தது. எட்வர்ட் டுரெல் ஸ்டோன் அதற்கு வெயிலை வடிகட்டும் ஜாலிச் சுவர்களை வைத்தார். பெல்ஜியம் தூதரகத்தைக் கட்டிடக் கலை படிக்காத ஓவியர் சதீஷ் குஜ்ரால் செங்கல்லில் வடிவமைத்தார். சிறு வயதிலேயே காது கேளாமல் போனவர் அவர். பாகிஸ்தான் தூதரகத்தின் நீலக் குவிமாடங்கள் தூரத்திலிருந்தே தெரியும். இத்தனை நாட்டுக் கொடிகளுக்கு நடுவில் தமிழ்நாடு இல்லமும் இங்கேதான் இருக்கிறது.

இந்த அழகுக்குக் கீழே ஒரு கிராமம் இருந்ததையும் சொல்ல வேண்டும். 1911-ல் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்த பிறகு, மால்ச்சா என்ற கிராமத்தின் வயல்களை அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பங்கள் இன்றைய ஹரியானா பக்கம் போய்விட்டன. பெயர் மட்டும் மால்ச்சா மார்க் என்ற கடைவீதியாக நிற்கிறது. இன்றும் தூதரக மதில்களிலிருந்து சற்று தள்ளி சஞ்சய் கேம்ப், விவேகானந்தா கேம்ப் என்று குடிசைப் பகுதிகள் உண்டு. இந்த வட்டாரத்து வீடுகளையும் அலுவலகங்களையும் பெருக்கி, சமைத்து, தோட்டம் போட்டு வைத்திருப்பவர்களில் பலர் அங்கே இருந்துதான் வருகிறார்கள்.

நான் ஒரு தூதரகத்தில் உள்ளூர் ஊழியை. எந்த நாடு என்று எழுத வேலை விதி இடம் தராது. விசாவுக்காகத் தெற்கிலிருந்து வரும் காகிதங்களைச் சரிபார்ப்பது என் மேஜை. பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு எல்லாம் வரும். தமிழ்க் காகிதங்களில் தலையாய சிக்கல் பெயர்தான். உலகத்துப் படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கின்றன. நமக்கு அது கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது நம் ஊரில் எத்தனையோ பேர் கலங்கினார்கள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். இனிஷியல் என்பது விடுபட்ட தகவல் இல்லை, சாதிப் பெயரை உதறிவிட்டு ஒரு மாநிலமே ஏற்றுக்கொண்ட வழக்கம் என்று என் மேலதிகாரிக்கு விளக்கியபோது, அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு உண்டான நிறைவைச் சம்பளச் சீட்டு தந்ததில்லை.

சில நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் அம்மா வந்து நிற்பார். பிள்ளையைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறவர். எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருப்பார். "அம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க, இங்க கையெழுத்துப் போடுங்க" என்றதும் அந்த முகம் தளர்வதைப் பார்க்க வேண்டும். "நம்ம புள்ளையா நீ? எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டபிறகுதான் பேனாவைத் தொடுவார்கள்.

வீடு சத்ய நிகேதனில். ரிங் ரோடுக்கு அந்தப் புறம், திருப்பதி தேவஸ்தானத்தின் வெங்கடேஸ்வரா கல்லூரிக்குப் பக்கத்தில், மாணவர்கள் நிறைந்த நெருக்கமான தெருக்கள். அங்கே ஒரு வீட்டு மொட்டை மாடியில் பர்சாத்தி. டெல்லியில் மாடி அறைக்கு அதுதான் பெயர். ஒரு அறை, ஒரு சின்ன சமையல் மேடை, நிறைய வானம். கூட இருப்பவள் இம்பாலிலிருந்து வந்தவள், மருத்துவமனையில் நர்ஸ்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது கருவாடு. டெல்லியில் தனியாக அறை தேடும் பெண்ணுக்கு வரும் நிபந்தனைகளில் அசைவம் கூடாது என்பது முதலில் நிற்கும். அவளும் நானும் வெவ்வேறு விடுதிகளில், சமையல் வாசனைக்காகவே பேச்சு வாங்கியவர்கள். அவளுக்கு ஙாரி இல்லாமல் சாப்பாடு இறங்காது. மண்பானையில் அடைத்துப் புளிக்கவைக்கும் மீன் அது. எனக்குச் சாளைக் கருவாடு. இந்த மாடியில், பஞ்சாபைச் சேர்ந்த வீட்டுக்கார ஆன்ட்டி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவோம். டெல்லியில் தென்னிந்தியச் சமையலுக்கு வேண்டிய எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும் இடம் அது. மரச்சீனிக் கிழங்கு, நேந்திரங்காய், சேனை, முருங்கை, சிவப்பரிசி எல்லாம் உண்டு. மீன் வரிசையில் தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். என் முகத்தைப் பார்த்ததுமே கடைக்காரர் "மத்தி, மத்தி!" என்று கூப்பிடுவார். நான் சாளை என்பேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார். கடலிலிருந்து இத்தனை தூரம் வந்த மீனில் குளச்சல் கரையில் வாங்கும் மினுமினுப்பை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கருவாடு நன்றாகவே இருக்கும். செதில் நிற்க வேண்டும், வயிற்றுப் பக்கம் மஞ்சளித்திருக்கக் கூடாது, விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். அம்மா சொல்லிக் கொடுத்த சோதனை இது. அதை ஹிந்தியில் பேரம் பேசிக்கொண்டே செய்யக் கற்றிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் அடுப்பு பற்றும். நான் கருவாட்டைச் சுட்டு முள் எடுத்து, சின்ன உள்ளி, வற்றல் மிளகாய், தேங்காய், கொஞ்சம் புளி சேர்த்து இடிப்பேன். மிக்ஸியில் அரைத்தால் மாவாகிவிடும். ஆன்ட்டி வீட்டு இமாம்தஸ்தா உரலை வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அவள் உருளைக்கிழங்கையும் காய்களையும் வேகவைத்து, ஙாரியும் உமோரோக் மிளகாயும் போட்டு மசிப்பாள். எரோம்பா என்பார்கள். நாட்டின் தென்கோடிக் கடற்கரையும் வடகிழக்கு மூலை மலையும் ஒரே தட்டில் வேகவைத்த மரச்சீனிக்கு இரு பக்கமும் இருக்கும். காரத்தில் கண்ணில் நீர் வர இருவரும் பேசாமல் சாப்பிடுவோம். இந்த ஊர் எனக்குத் தந்த சந்தோஷங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இதற்கு இரண்டாமிடம்.

முதலிடம் நடைக்கு.

வேலை முடிந்ததும் சாந்தி பாத் வழியாக, ரயில் மியூசியம் வரை வந்து, மோதிபாக் பக்கம் ரிங் ரோட்டைக் கடந்து வீட்டுக்கு நடந்தே வருகிறேன். பஸ் உண்டு, 2019 அக்டோபரில் டெல்லி அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இருந்தும் நடக்கிறேன். அகலமான நடைபாதை, அதை ஒட்டிப் புல்வெளி, பூப்பாத்தி, வரிசையாக மரங்கள். வெளிர் நீல நம்பர் பலகை வைத்த தூதரகக் கார்கள் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாசலிலும் காவலர். பலர் பிஹார், உத்தரப் பிரதேசக்காரர்கள். அவர்களும் ஊரை விட்டு வந்து அந்தக் கூண்டுகளில் நிற்பவர்கள்தான். தினம் பார்த்துப் பழகிய ஒருவர், "மேடம்ஜி, இன்னிக்கு லேட்டா?" என்று ஹிந்தியில் கேட்பார். சத் பூஜைக்கு ஊர் போய் வந்தால் தேக்குவா கொண்டுவந்து தருவார். கோதுமை மாவும் வெல்லமும் போட்டுப் பொரித்தது. நம் ஊர் முந்திரிக்கொத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

சரியாக அந்த நேரத்தில் அம்மாவின் போன் வரும்.

"மக்களே, ரூமுக்குப் போயாச்சா?"

"நடந்து போயிட்டிருக்கேன்மா."

"இங்க நல்லா இருட்டிட்டே. அங்க இருட்டலையா?"

அம்மா தன் வாசல் இருட்டை வைத்துத்தான் டெல்லியைக் கணக்குப் பண்ணுவாள். ஜூன் மாதம் எங்கள் ஊரில் ஆறே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். டெல்லியில் ஏழே காலுக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் தலைகீழ். இங்கே ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிட, அங்கே ஆறு மணி தாண்டியும் பொழுது இருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் குமரி மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும், குளிர்காலப் பகல் சுருங்கும். இதை அம்மாவுக்கு ஒரு தடவை விளக்கினேன். "அப்ப டிசம்பர்ல சீக்கிரம் கிளம்பு" என்றாள்.

நடையில்தான் டெல்லியின் பருவங்களைக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் மழை, வெயில், காற்று. இங்கே மாதத்துக்கு ஒரு வாசனை. அக்டோபர் பிற்பகுதியில் ஏழிலைப்பாலை பூக்கும். பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் தெருவே கனத்துப்போகும் அளவுக்கு வாசனை கிளம்பும். வெளிர்பச்சைப் பூக்கள் கொத்துக் கொத்தாக நடைபாதையில் உதிர்ந்து கிடக்கும். எங்கள் பக்கத்தில் பாலை மரத்தில் யட்சி இருப்பாள் என்பார்கள். பூக்கும் காலத்தில் இருட்டியபின் அந்தப் பக்கம் போகாதே, அழகான பெண்ணாக வந்து சுண்ணாம்பு கேட்பாள் என்று பாட்டி சொல்லி வளர்த்தாள். டெல்லியில் சாலை சாலையாக அந்த மரத்தை நட்டிருக்கிறார்கள். முதல் வருடம் வாசனை வந்ததும் பாட்டியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க உள்ள யச்சிக்குத் தமிழ் தெரியாது, நீ பயப்படாண்டாம்" என்றாள்.

அந்த வாசனையோடு சேர்ந்தே புகையும் வரும். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல்தாளை எரிப்பது, வாகனப் புகை, கட்டுமானத் தூசு எல்லாம் காற்று நகராத குளிரில் தரையோடு தங்கிவிடும். நவம்பரில் சில வாரம் தொண்டை எரியும். அப்போது நடையை நிறுத்திவிட்டு மெட்ரோவில் போவேன். டெல்லி வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

ஜனவரிக் குளிரில் தெருமுனையில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்பார்கள். தோலை உரித்து, துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவி, இலைத் தொன்னையில் தருவார்கள். மதிய இடைவேளையில் புல்வெளியில் வெயில் காய்வதற்கென்றே அலுவலகம் அலுவலகமாக ஆட்கள் வந்து உட்கார்ந்து கின்னோ ஆரஞ்சு உரிப்பார்கள். வெயிலைத் தேடிப் போய் உட்காருவது என்ற பழக்கம் குமரி மாவட்டத்துக்காரிக்குப் புதிது. பிப்ரவரியில் புது டெல்லி நகராட்சிக் கவுன்சில், நெதர்லாந்துக் கிழங்குகளை வரவழைத்து சாந்தி பாத்தில் துலிப் பூக்கவைக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அதே சமயத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும் இலவ மரம்தான் பிடிக்கும். கிழங்கு வாங்காமல், யாரும் கவனிக்காமல், தானாகப் பூக்கிறது. மே மாதம் கொடுமை. 45 டிகிரி தொடும். அந்த வெயிலில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குவது ஒன்றுதான் ஆறுதல்.

ஞாயிறு மாலைகள் நேரு பூங்காவுக்கு. 1969-ல் உருவான பெரிய பூங்கா. உள்ளே லெனின் சிலை ஒன்று 1987-லிருந்து நிற்கிறது. ஸ்பிக் மெக்கே அமைப்பு இந்தப் புல்வெளியில் இசைக் கச்சேரிகள் நடத்தும். டிக்கெட் கிடையாது. சமுக்காளம் விரித்து, குழந்தைகள் ஓட, பறவைகள் அடையும் நேரத்தில் ஒரு ராகத்தைக் கேட்பது சபாவில் கேட்பதைவிட எனக்கு நெருக்கமாக இருக்கிறது. பக்கத்திலேயே யஷ்வந்த் பிளேஸ் கடைவீதி. அங்கே தோல், ரோமக் கடைகளில் ரஷ்ய எழுத்தில் பலகை மாட்டியிருப்பார்கள். கடைக்காரர்கள் ரஷ்ய மொழியில் சரளமாக விலை சொல்வார்கள். அவர்களிடமிருந்துதான் எனக்குத் தைரியம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்காமல், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே ஒரு மொழியைக் கற்றிருக்கிறார்கள். என்னால் ஹிந்தி முடியாதா? முடிந்தது.

ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது. சுவாமிநாத சுவாமிக்கு 1973-ல் குடமுழுக்கு நடந்த கோயில். படியேறும்போது மயில்கள் குறுக்கே போகும். வேளிமலை குமாரகோவிலுக்குப் போன கால்களுக்கு இந்தப் படிகள் அந்நியமாகத் தெரிவதில்லை. அதே ஆர்.கே.புரத்தில் 1946-ல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம். அதன் நூலகத்தில்தான் ஆதவனைக் கண்டுபிடித்தேன். டெல்லியில் வளர்ந்து, டெல்லியில் வேலை பார்த்து, இங்குள்ள தமிழ் இளைஞர்களின் மனசை 'காகித மலர்கள்' நாவலில் எழுதியவர். 1987-ல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். எனக்கு முன்னால் இந்தத் தெருக்களில் தமிழில் யோசித்துக்கொண்டு நடந்த ஒருவர் இருந்திருக்கிறார் என்பது பெரிய துணை. பெண்கள் அப்படி நடந்ததைப் பற்றித்தான் இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சாணக்யபுரியின் வடக்கு ஓரத்தில், சர்தார் படேல் மார்க் தொடக்கத்தில், கியாரா மூர்த்தி என்ற சிற்பம் நிற்கிறது. காந்தி முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர். பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராகப் பல ஆண்டு இருந்தவர்; மெரினாவின் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் அவர் கையால் வந்தவைதான். அந்தப் பதினோரு பேரில் பெண்களும் நடக்கிறார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றை எதிர்த்து, முன்னால் சாய்ந்து நடக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

நடை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் நான் காரணமில்லாமல் நடந்ததே இல்லை. ட்யூஷனுக்கு, கடைக்கு, கோயிலுக்கு என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு பெயர் வேண்டும். பெயரில்லாத நடைக்கு, "இந்த நேரத்துல எங்க போற?" என்று எல்லா வாசலிலிருந்தும் கேள்வி வரும். அந்தக் கேள்வியில் அக்கறையும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கறை என்னை வீட்டுக்குள்தான் வைத்தது. என் தம்பி அதே தெருவில் ராத்திரி பத்து மணிக்குப் பாலத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். பெண்கள் பொது இடத்தில் சும்மா நிற்கவும் உலாவவும் உரிமை வேண்டும் என்று மும்பையை வைத்து 2011-ல் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் ஒரு புத்தகமே எழுதினார்கள். 2015-ல் டெல்லிக் கல்லூரி மாணவிகள், விடுதிக் கதவு ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம் மூடுவதை எதிர்த்து 'பிஞ்ச்ரா தோட்' (கூண்டை உடை) என்று கிளம்பினார்கள். இவர்கள் கேட்டது ஆடம்பரம் இல்லை.

நான் டெல்லிக்குக் கிளம்பியபோது வீட்டில் எல்லோர் வாயிலும், ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் கூட்டு வன்புணர்வுக்கு ஆளான 2012 டிசம்பர் 16 இருந்தது. அந்த இரவு அந்தப் பெண் பஸ் ஏறிய முனிர்க்கா, என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பப் பஸ் ஏறியவள் அவள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்த நிறுத்தத்தைக் கடக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அம்மாவின் போன் அந்த இரவிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கிறேன்.

அதே நகரத்தில், அதே தூரத்துக்குள், சாந்தி பாத்தில் நான் நிம்மதியாக நடக்கிறேன். ஏன்? இங்குள்ள ஆண்கள் மட்டும் நல்லவர்கள் என்பதாலா? இல்லை. விளக்கு எரிகிறது. நடைபாதை உடையாமல், கடை மறைக்காமல் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்த பார்வை. பார்க்கும் தூரத்தில் ஒரு காவலர். 2013-ல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் தொடங்கிய சேஃப்டிபின் செயலி தெருக்களை இப்படித்தான் அளக்கிறது. வெளிச்சம் எவ்வளவு, நடைபாதை உண்டா, சுற்றிலும் ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா, பெண்கள் நடமாட்டம் இருக்கிறதா, பஸ் பக்கத்தில் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். டெல்லிச் சாலைகளை இரவில் படமெடுத்து, இருட்டான இடங்களைக் குறித்து அரசிடம் கொடுத்தார்கள். பெண்களின் பயத்தை மின்கம்பம் நடும் வேலையாக மாற்றிக் காட்டியது அந்தக் கணக்கு.

சாந்தி பாத்தின் விளக்குகள் எனக்காகப் போட்டவை இல்லை. வெளிநாட்டுத் தூதர்களின் பாதுகாப்பு இந்திய அரசின் கடமை என்று வியன்னா ஒப்பந்தம் சொல்வதால் இந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் ஓரத்தில் நானும், சஞ்சய் கேம்ப்புக்கு வேலை முடிந்து திரும்பும் பெண்களும், என் இம்பால் தோழியும் நடந்துகொள்கிறோம். விருந்தாளிகளுக்குச் செய்ய முடிகிற ஒன்றை வீட்டுப் பெண்களுக்கும் செய்ய முடியும். வேண்டியது மின்விளக்கும் உடையாத நடைபாதையும்தான்.

குமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரண்டு நாள் நிஜாமுதீனுக்குக் கிளம்புகிறது. ஒவ்வொரு வண்டியிலும் வேலைக்கோ படிப்புக்கோ வரும் பெண் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களை அனுப்பி வைக்கும் அம்மா, அப்பாக்களுக்குச் சொல்கிறேன்: அனுப்புங்கள். முடிந்தால் அக்டோபரில் அனுப்புங்கள், மே மாதம் வேண்டாம். கம்பளியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கருவாட்டை மட்டும் நன்றாகக் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள். மோதிபாக், ஆர்.கே.புரம் போன்ற இடங்களில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

ஊரிலேயே இருக்கும் பெண்களுக்காகவும் ஒன்று செய்யுங்கள். தெருவிளக்கு போடுவதும் பராமரிப்பதும் 1994-ம் வருடத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப் பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று அவளையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள்.